ஆழத்தில் ஒரு செவி – 9: காணாமல் போன அலை

முன்கதை சில வரிகளில். 1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்ஸின் பெஷல்ப்ரான் எண்ணெய் வயலில் ஹென்றி டால் தலைமையில் ஒரு சிறு குழு கிணற்றுக்குள் மின்முனைகளை இறக்கிப் பாறையின் மின்தடையை அளந்தது. அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் அவருடைய மாமனார் கான்ராட் ஷ்லம்பர்ஜர். மின்சாரம் சொல்லாததை ஒலி சொல்லுமா என்று 1935-இல் கேட்டவரும் அவரே. ஓர் ஒலி எழுப்பி, இரண்டு ஒலிவாங்கிகள். முதல் வாங்கியிலிருந்து இரண்டாவதை எட்ட ஒலிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தால் பாறையில் ஒலியின் வேகம் தெரிந்துவிடும். ஆனால் திட்டம் காகிதத்திலேயே நின்றது. 1936-இல் கான்ராட் இறந்துபோனார்.

1952-இல் அமெரிக்காவில் இரண்டு எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வாளர்கள், ஒலிக்கருவியைக் கிணற்றில் இறக்கித் தொடர்ச்சியாக அளந்த முடிவுகளை ஒரே ஆண்டில் வெளியிட்டார்கள். 1956-இல் வைலி, கிரிகோரி, கார்ட்னர் மூவரும் ஓர் எளிய வாய்ப்பாட்டைத் தந்தார்கள். பாறையின் திடப்பகுதியைக் கடக்க ஆகும் நேரம், துளைகளில் உள்ள திரவத்தைக் கடக்க ஆகும் நேரம், இரண்டையும் அவற்றின் விகிதப்படி கூட்டினால் மொத்த நேரம்.

சென்ற வாரம் அந்த வாய்ப்பாட்டின் வெற்றியோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம், அந்த வெற்றி எதைக் கவனிக்காமல் விட்டது என்று பார்ப்போம்.

* * *

வைலியின் கணக்கு எவ்வளவு சுலபம் என்பதற்கு ஓர் உதாரணம். மணற்பாறையின் திடப்பகுதியில் ஓர் அடியைக் கடக்க ஒலிக்குச் சுமார் 55.5 மைக்ரோ விநாடி ஆகும். தண்ணீரில் அதே ஓர் அடிக்கு 189 மைக்ரோ விநாடி. கருவி 82 என்று காட்டினால், பாறையில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்கிறது, அதில் எண்ணெயோ தண்ணீரோ நிரம்பியிருக்கலாம். பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல் போதும்.

இந்தச் சுலபத்துக்காகத்தான் உலகமெங்கும் கருவி ஓடியது. அது அளந்ததோ ஒரே ஒரு விஷயத்தை: முதல் அலை எப்போது வந்தது? ஒலிவாங்கியில் மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் கடிகாரம் நிற்கும். அதற்குப் பிறகு வருவது எதுவும் கணக்கில் இல்லை.

கச்சேரிக்குப் போய், தம்புராவின் முதல் மீட்டலைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுவதைப் போன்றது இது.

ஏனென்றால் முதல் அலைக்குப் பிறகுதான் விஷயமே தொடங்குகிறது. கடினமான சுண்ணாம்புப் பாறையில், ஒலி எழுப்பிக்கும் வாங்கிக்கும் மூன்று மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பாறையை அழுத்தி விரித்தபடி ஓடும் நெட்டலை சுமார் அரை மில்லி விநாடியில் வந்துவிடும். பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி ஓடும் குறுக்கலைக்கு ஏறத்தாழ 0.9 மில்லி விநாடி. கிணற்றில் நிரம்பியிருக்கும் சேற்றின் வழியே வரும் ஒலிக்கு 2 மில்லி விநாடி. அதையும்விடச் சற்று மெதுவாக, கிணற்றுச் சுவரைத் தழுவிக்கொண்டே வரும் இன்னொரு பெரிய அலையும் உண்டு. அதற்கு ஸ்டோன்லி அலை என்று பெயர்.

மொத்தம் நான்கு மில்லி விநாடிகூட இல்லாத ஓர் ஒலித்துணுக்கு. அதில் முதல் அரை மில்லி விநாடியை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

அலட்சியத்தால் அல்ல. மீதியைப் படிக்க யாருக்கும் தெரியவில்லை என்பதே காரணம். நெட்டலையின் வால் குறுக்கலையின் தலைமேல் விழுகிறது, குறுக்கலை முடிவதற்குள் சுவர் அலைகள் எழுகின்றன. ஒன்றின்மேல் ஒன்றாகப் புரண்டுவரும் அந்தக் கோடுகளில் எது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

* * *

படிக்கத் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதை 1963-இல் பிக்கெட் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருந்தார். நெட்டலையின் வேகத்தைக் குறுக்கலையின் வேகத்தால் வகுத்தால், சுண்ணாம்புப் பாறைக்கு 1.9-ஐ ஒட்டிய எண் வருகிறது. டோலமைட்டுக்கு 1.8. மணற்பாறைக்கு அதற்கும் கீழே. பாறையைக் கண்ணால் பார்க்காமலே இனம் சொல்லிவிடலாம்.

குறுக்கலைக்கு இன்னொரு குணம் உண்டு. திரவத்துக்கும் வாயுவுக்கும் விறைப்பு கிடையாது. பக்கவாட்டில் அசைத்தால் அவை எதிர்ப்பதில்லை. எனவே பாறையின் துளைகளில் வாயு புகுந்தால் நெட்டலையின் வேகம் சட்டென்று குறையும், குறுக்கலை பெரும்பாலும் பாதிக்கப்படாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாயு இருக்கும் இடம் பிடிபடும். பாறை எவ்வளவு உறுதியானது, சுவர் இடிந்து விழுமா, எண்ணெயோடு மணலும் கொட்டுமா என்ற கேள்விகளுக்கும் விடை குறுக்கலையில்தான் இருக்கிறது.

சரி, கடினமான பாறையிலாவது முயன்றால் அதைக் கண்டுபிடிக்கலாம். மென்மையான பாறையில்?

அங்கே அது வருவதே இல்லை.

மெக்சிகோ வளைகுடாவின் இளம் மணற்படிவங்களைப் போன்ற பாறைகளில் குறுக்கலையின் வேகம், கிணற்றுச் சேற்றில் ஒலி செல்லும் வேகத்தைவிடக் குறைவு. சேற்றில் புறப்பட்ட ஒலி சுவரில் மோதும்போது அதன் பாதை வளைகிறது. பாறை வேகமானதாக இருந்தால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மோதும் ஒலி சுவரை ஒட்டியே ஓடி, ஓடுகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றுக்குள் கசியும். அந்தக் கசிவைத்தான் ஒலிவாங்கி கேட்கிறது. பாறை மெதுவானதாக இருந்தால் அப்படி ஒரு கோணமே கிடையாது. அலை பாறைக்குள் விலகிப் போய்விடும், திரும்பி வராது. பள்ளியில் ஒளிக்குப் படித்த அதே ஸ்நெல் விதிதான் இது.

கருவியில் பழுதில்லை. இன்னும் நுட்பமான ஒலிவாங்கி வைத்தாலும் பயனில்லை. இடியும் சுவர், கொட்டும் மணல் என்று எந்தப் பாறைகளில் குறுக்கலை மிகவும் தேவைப்பட்டதோ, அந்தப் பாறைகளில் அதை அளக்க இயற்கையே வழி அடைத்திருந்தது.

* * *

வழி திறந்த கதையில் ஜே. ஈ. வைட் என்ற அமெரிக்கர் இரண்டு முறை வருகிறார். இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில்.

1967-இல், கிணற்று அளவீட்டாளர்களின் வருடாந்திர மாநாட்டில் வைட் ஒரு புதிய கருவியை முன்மொழிந்தார். அதற்கு ‘ஹூலா லாக்’ என்று பெயர் வைத்திருந்தார். அதுவரை இருந்த ஒலி எழுப்பிகள் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் சேற்றை அழுத்தின. வைட் சொன்னது வேறு. ஒரு பக்கம் தள்ளு, அதே நொடியில் எதிர்ப்பக்கம் இழு. அப்படிச் செய்தால் கிணறு முழுவதுமே இலேசாகப் பக்கவாட்டில் அசையும், அந்த அசைவு சுவர் வழியே ஒரு வளைவு அலையாக மேலே ஏறும். பாறையைப் பக்கவாட்டில் அசைக்கும் எந்த அலையும் பாறையின் விறைப்பை அறியாமல் நகர முடியாது. காணாமல் போன குறுக்கலையைத் தேடி அலைவதற்குப் பதில், அதன் வேகத்தைச் சுமந்து வரும் இன்னொரு அலையை நாமே உண்டாக்கிவிடலாம்.

முன்மொழிவு என்பதற்குமேல் அது அப்போது போகவில்லை.

அடுத்த ஆண்டு, 1968-இல், வைட்டும் ஜெக்மனும் சேர்ந்து ‘ஜியோஃபிசிக்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓர் ஒலிக்கருவி தரக்கூடிய அலைவடிவத்தைக் கணக்கிட்டே வரைந்து காட்டும் கட்டுரை. கிணறு இல்லை, சேறு இல்லை, கேபிள் இல்லை. பாறையின் அடர்த்தி, அதன் இரண்டு வேகங்கள், சேற்றின் வேகம், கிணற்றின் விட்டம் ஆகிய சில எண்களைக் கணினிக்குக் கொடுத்தால், இந்தக் கிணற்றில் இந்த இடத்தில் கருவி இதைத்தான் கேட்டிருக்கும் என்று அது பதில் சொன்னது.

இந்தத் தொடரில் வந்த கட்டுரைகளில் திருப்புமுனை எது என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம். கருவியைச் செய்த பிறகு அதன் பேச்சைப் புரிந்துகொள்ள முயல்வது அதுவரை இருந்த வரிசை. வைட் அந்த வரிசையைத் திருப்பினார். கருவி பேசப்போவதை முன்கூட்டியே எழுதிப் பார்க்கலாம் என்றார்.

* * *

கணக்கின் வேர் மிகப் பழையது. மீள்தன்மை கொண்ட குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் ஒலி எவ்வளவு மெதுவாகப் போகும் என்று ஹொரேஸ் லாம்ப் 1898-லேயே எழுதிவிட்டார். பெல்ஜியத்தில் பிறந்த மாரிஸ் பியோ, 1952-இல், திரவம் நிரம்பிய ஓர் உருளைத் துளையில், எல்லையற்ற பாறையால் சூழப்பட்ட நிலையில், எந்தெந்த அலைகள் சுவரைப் பற்றிக்கொண்டு ஓட முடியும் என்று முழுமையாக விடை கண்டார். எந்த அதிர்வெண்ணில் எந்த வேகம் என்பதும் அவருடைய வரைபடங்களில் இருந்தது.

பியோவின் விடை எந்த அலைகள் சாத்தியம் என்று சொன்னது. ஒரு துடிப்பை எழுப்பினால் அவை எந்த அளவில் கலந்து வரும் என்று சொல்லவில்லை. வாங்கியில் கிடைப்பதோ கலவைதான்.

அந்தக் கலவையைப் பெற ஒரு தொகையீட்டைப் போட வேண்டும். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும், கிணற்றின் நெடுகே சாத்தியமான ஒவ்வொரு அலைநீளத்துக்கும், பெசல் சார்புகள் நிரம்பிய ஒரு கோவையைக் கணக்கிட்டு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கோவையின் கீழ்ப்பகுதி சில இடங்களில் பூச்சியமாகிவிடும். அங்கே மதிப்பு எல்லையின்றி எகிறும். சிக்கல் என்னவென்றால், பூச்சியமாகும் அந்த இடங்கள்தாம் சுவர் அலைகள். அவற்றைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. தேடிக் கண்டுபிடிக்கத்தான் கணக்கே. ஆனால் கணினி அவற்றின்மேல் நேராகக் கால்வைத்தால் விடை சிதறிவிடும்.

1965-இல் கூலியும் டியூக்கியும் தந்த விரைவு ஃபூரியே முறை, அதிர்வெண்களைக் கூட்டி நேர வடிவமாக மாற்றும் வேலையை மலிவாக்கியிருந்தது. ஆனால் இந்தப் பள்ளங்களைத் தாண்ட அது உதவாது.

* * *

1974-இல் ஷெல் நிறுவனத்தின் ரோசன்பாம் இன்னொரு படி மேலே ஏறினார். பாறையை ஒரே கட்டியாகக் கருதாமல், துளைகளும் துளைகளில் திரவமும் உள்ளதாகக் கருதி அலைவடிவங்களைக் கணக்கிட்டார். அதற்கான கோட்பாட்டையும் பியோவே 1956-இல் தந்திருந்தார். கிணற்றுச் சுவர் திறந்திருந்தால் ஒரு விடை, சேற்றுப் படலம் அடைத்திருந்தால் வேறு விடை. பாறைக்குள் திரவம் எவ்வளவு எளிதாக நகரும் என்பதன் தடயம் சுவர் அலையில் ஒளிந்திருக்கிறது என்று அந்தக் கணக்கு காட்டியது. எண்ணெய் எடுப்பவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக அறிய விரும்பும் அளவு அது. எண்ணெய் இருந்தால் போதுமா, அது நகர்ந்து வர வேண்டாமா?

1979-இல் லியுங் சாங்கும் டென்னிஸ் ரேடரும் முழு அலைவடிவத்தையும் எண்முறையில் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அலைவடிவக் கணிப்பு எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு வந்தது. கதை இங்கே கொஞ்சம் நிதானமாக நடக்க வேண்டும்.

* * *

நாஃபி டோக்சோஸ் துருக்கியில் பிறந்தவர், எம்.ஐ.டி.-யில் நில அதிர்வுப் பேராசிரியர். அப்பல்லோ வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த அதிர்வுமானிகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர். கோள்களின் அளவில் யோசித்துப் பழகிய அவர், இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள துளைக்குள் இறங்கினார். உடன் வந்தவர் ஆர்தர் செங்.

அவர்களுக்கு வேண்டிய கணித உத்தி அதே பல்கலைக்கழகத்திலேயே, நிலநடுக்கத்துக்காக, ஏற்கெனவே பிறந்திருந்தது. மிஷெல் பூஷோனும் கெயிட்டி அகியும் 1977-இல் வெளியிட்ட முறை அது. அதன் மையத்தில் துணிச்சலான ஒரு கற்பனை இருக்கிறது.

கிணற்றில் இருப்பது ஒரே ஓர் ஒலி எழுப்பி. அதற்குப் பதிலாக, மேலும் கீழும் சமதூரத்தில் எண்ணற்ற ஒலி எழுப்பிகள் ஒரே நேரத்தில் துடிப்பதாக வைத்துக்கொள். அப்படி வைத்தால், தொடர்ச்சியான தொகையீடு தனித்தனி உறுப்புகளின் கூட்டலாக மாறிவிடுகிறது. கூட்டல் கணினிக்குப் பிடித்த வேலை. இல்லாத அண்டை எழுப்பிகளின் ஒலி வந்து கலந்துவிடாதா? அவற்றைப் போதுமான தொலைவில் வைத்தால், நமக்கு வேண்டிய நான்கு மில்லி விநாடி முடிந்த பிறகுதான் அவை வந்து சேரும். நாம் அதற்குள் கேட்டு முடித்திருப்போம்.

மதிப்பு எகிறும் அந்தப் பள்ளங்கள்? அதிர்வெண்ணோடு ஒரு சிறு கற்பனைப் பகுதியைச் சேர்த்து அதைக் கலப்பெண் ஆக்கினால், பள்ளங்கள் பாதையிலிருந்து சற்று விலகிக்கொள்ளும். கணக்கு அவற்றின் ஓரமாகவே, அவற்றை உணர்ந்தபடி, ஆனால் விழாமல் நடக்கும். கடைசியில் விடையை ஓர் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கி அந்தச் சிறு மாற்றத்தை நீக்கிவிடலாம்.

1981-இல் செங்கும் டோக்சோஸும் தங்கள் செயற்கை ஒலி லாக்குகளை, அதாவது கணினி வரைந்த கிணற்றுப் பதிவுகளை, அதே ‘ஜியோஃபிசிக்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். வரிசையாக அலைவடிவங்கள். மேலிருந்து கீழாக வாங்கியின் தூரம் கூடக்கூட அலைகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. நெட்டலை முன்னே ஓடுகிறது. அடுத்துக் குறுக்கலை. அதன் பின்னே, சுவரில் மோதி மோதிச் சேற்றுக்குள் அடைபட்டு வரும் அலைத் தொடர். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே அது பிறக்கவே பிறக்காது. கடைசியில் ஸ்டோன்லி அலை.

கிணற்றில் பதிவான உண்மையான லாக்கில் புரண்டுகிடந்த அதே கோடுகள்தாம். இப்போது எது எது என்று பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது.

கணினி உருவகம் கிணற்றைவிட உயர்ந்து நிற்கும் ஓர் இடம் இது. நிஜக் கிணற்றில் எதையும் தனியாக மாற்ற முடியாது. பாறை மாறும்போது விட்டமும் மாறும், சேறும் மாறும். கணினியில் மற்ற எல்லாவற்றையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, கிணற்றை மட்டும் ஓர் அங்குலம் அகலமாக்கிப் பார்க்கலாம். கிணற்றின் நடுவே கருவியின் உடலை வைத்தும் எடுத்தும் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோது, விறைப்பான கருவி நடுவில் இருந்தாலே கிணறு சிறுத்ததைப் போல அலைகள் நடந்துகொள்கின்றன என்று தெரிந்தது. பாறையின் குணம் என்று எண்ணிப் படித்ததில் ஒரு பங்கு, கருவி தானே போட்ட நிழல்.

1982-இல் டோக்சோஸ் எம்.ஐ.டி.-யில் புவி வள ஆய்வகத்தைத் தொடங்கினார். முழு அலைவடிவ ஆய்வுக்காக எண்ணெய் நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாக அதன் பின்னால் நின்றன. கால் நூற்றாண்டாக விட்டுவிட்ட மூன்றரை மில்லி விநாடிக்கு இப்போது பணம் கொடுக்க ஆள் இருந்தது.

* * *

ஆனால் மென்பாறையின் அலை? அது இன்னும் காணாமல்தான் இருந்தது. கணினியில் மென்பாறையின் எண்களைக் கொடுத்தால், அதுவும் நேர்மையாக ஒரு வெற்றிடத்தையே வரைந்தது. குறுக்கலை வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இயற்கை வழி அடைத்திருக்கிறது என்பதை உருவகமும் உறுதிப்படுத்தியது.

வைட்டின் பழைய முன்மொழிவு உயிர் பெற்றது ஜப்பானில். நிலநடுக்க நாட்டில் கட்டடங்களுக்கு அடியில் இருக்கும் மண்ணின் விறைப்பை அறிவது அன்றாடத் தேவை. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கிட்சுனெசாக்கி, கிணற்றுத் திரவத்தில் தொங்கியபடி பக்கவாட்டில் தள்ளும் ஒரு கருவியைச் செய்து, மென்மையான மண்ணில் குறுக்கலையின் வேகத்தை அளந்து 1980-இல் அறிவித்தார். எண்ணெய்க்காகப் பிறந்த யோசனை, எண்ணெய்க் கிணற்றுக்கு வருமுன் கட்டட அடித்தளத்துக்குப் பயன்பட்டது.

எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தில், வெப்பத்தில், அழுத்தத்தில் இது எடுபடுமா என்று தெரியாமல் யாரும் கோடிகளைக் கொட்டமாட்டார்கள். அந்த முடிவுக்குக் கணக்கு தேவைப்பட்டது. எக்ஸான் நிறுவனத்தின் வின்போ 1985-இலும், ஷ்லம்பர்ஜர் நிறுவனத்தின் குர்ஜியன், சாங் இருவரும் 1986-இலும் அதைத் தந்தார்கள். எல்லாப் பக்கமும் அழுத்தும் எழுப்பி, ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் இழுக்கும் டைபோல் எழுப்பி, நான்கு பக்கமும் மாறிமாறித் தள்ளி இழுக்கும் எழுப்பி என்று ஒவ்வொன்றும் கிணற்றில் எதை எழுப்பும் என்று எண்களாகக் காட்டினார்கள்.

டைபோலின் விடையில் ஒரு நல்ல செய்தியும் ஓர் எச்சரிக்கையும் இருந்தன.

நல்ல செய்தி: வைட் சொன்னது சரி. மென்பாறையிலும் வளைவு அலை வருகிறது.

எச்சரிக்கை: அந்த அலையின் வேகம் ஒரே எண் அல்ல. அதிர்வெண் தாழ்வாக இருக்கும்போது அது குறுக்கலையின் வேகத்தில் ஓடுகிறது. அதிர்வெண் கூடினால் மெதுவாகிறது. பழைய கருவிகளைப் போல 10, 20 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பினால் கிடைக்கும் வேகம், பாறையை இருப்பதைவிட மென்மையாகக் காட்டும். இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். பத்து சென்டிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு கருவிக்குள் அவ்வளவு தாழ்ந்த, அவ்வளவு பலமான ஒலியை எழுப்புவது பொறியாளர்களுக்குப் பெரும்பாடு.

அப்படியே எழுப்பினாலும் கொஞ்சம் பிழை மிஞ்சும். அந்தப் பிழையை எவ்வளவு என்று கணக்கிட்டுத் திருத்த வேண்டும். கணக்கு எங்கிருந்து வரும்? கிணற்றின் விட்டத்தையும் சேற்றின் வேகத்தையும் கொடுத்துக் கணினி வரைந்த வளைகோட்டிலிருந்து.

இதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்கலாம். 1990-ஐ ஒட்டி டைபோல் கருவிகள் வணிகமாகக் கிணறுகளில் இறங்கத் தொடங்கின. அவை தரும் குறுக்கலை வேகம் வாடிக்கையாளரின் கையில் ஓர் அளவீடாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் கருவி கேட்டதும் இருக்கிறது, கணினி கணித்ததும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. அளவீடு என்றால் வெறும் கேட்பு என்று நம்பிய தலைமுறைக்கு இது சங்கடம் தந்திருக்கும். ஆயினும் மென்பாறையில் துளைக்கும் ஒரு பொறியாளருக்கு, சுவர் இடியுமா என்பதை முன்கூட்டி அறிய வேறு வழி இருக்கவில்லை. கணிப்பைக் கலந்ததால் அளவீடு தாழவில்லை, உண்மைக்கு நெருங்கியது என்பதே இந்த அத்தியாயத்தின் சான்றுகள் காட்டுவது.

* * *

இதுவரை வந்த எல்லாக் கணக்குகளுக்கும் ஒரு பொதுவான அனுமானம் உண்டு. கிணறு ஒரு சீரான உருளை. மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம். சுற்றிலும் ஒரே பாறை.

அப்படி ஒரு கிணறு பூமியில் கிடையாது.

களிப்பாறை வரும் இடத்தில் சுவர் அரிந்து குகையாகும். மணற்பாறைக்குள் சேற்றுநீர் ஊறி, சுவரை ஒட்டிய ஒரு வளையம் வேறு பாறையாகவே மாறிவிடும். அரை மீட்டருக்கு ஒரு படிவம் மாறும். பெசல் சார்புகளுக்கு இந்த ஒழுங்கின்மை புரியாது.

அதற்கு வேறு வழி. பாறையையும் சேற்றையும் சிறுசிறு கட்டங்களாக வெட்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய வேகத்தையும் அடர்த்தியையும் கொடு. பக்கத்துக் கட்டம் தள்ளினால் இது எவ்வளவு நகரும் என்று நியூட்டனின் விதிப்படி கணக்கிடு. பிறகு நேரத்தை ஒரு துளி நகர்த்தி மறுபடியும் கணக்கிடு. நில அதிர்வுத் துறையில் மடாரியாகாவும் விரியூவும் வளர்த்த வேறுபாட்டு முறை இது. 1985-இல் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ரால்ஃப் ஸ்டீஃபன், எம்.ஐ.டி.-யின் கார்டோ-கசாஸ், செங் ஆகியோருடன் சேர்ந்து இந்த முறையில் கிணற்றின் ஒலி லாக்குகளைக் கணக்கிட்டார். இப்போது குகையும் வரலாம், படிவமும் மாறலாம்.

விலை? நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆரம் உள்ள ஒரு துண்டை ஐந்து மில்லிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 1,60,000 கட்டங்கள். கடினப் பாறையில் கணக்கு நிலைகுலையாமல் இருக்க நேரத்தை அரை மைக்ரோ விநாடிக்குமேல் நகர்த்தக் கூடாது. நான்கு மில்லி விநாடிக்கு 8,000 அடிகள். பெருக்கினால் நூறு கோடியைத் தாண்டுகிறது. இதுவும் கிணறு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான். டைபோல் கருவி சற்றே சாய்ந்து கிடந்தால், அல்லது பாறை ஒரு திசையில் மட்டும் இறுகியிருந்தால், முப்பரிமாணம் வேண்டும். அன்றைய கணினிகளின் நினைவகத்தில் அதற்கு இடமில்லை.

இடத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கணக்கில் எடுத்துக்கொண்ட துண்டு ஒரு மீட்டரில் முடிந்துவிடுகிறது. நிஜப் பாறை முடிவதில்லை. வெளியே ஓடும் அலை, கணினியில் பாறை முடியும் விளிம்பில் மோதித் திரும்புகிறது. நிஜக் கிணற்றில் இல்லவே இல்லாத ஓர் எதிரொலி, சரியாகக் குறுக்கலையும் ஸ்டோன்லி அலையும் வரும் நேரத்தில் வந்து லாக்கில் உட்காருகிறது. விளிம்பைத் தள்ளி வைத்தால் நினைவகம் போதாது. விளிம்பில் அலையை அடக்கும் உத்திகள் சில கோணங்களில் வேலை செய்தன, சில கோணங்களில் தோற்றன.

பாதை முழுக்கத் திறந்தது 1994-இல். திறந்தவர் எண்ணெய்த் துறையைச் சேர்ந்தவரும் அல்ல, ஒலியை ஆராய்ந்தவரும் அல்ல. மின்காந்த அலைகளைக் கணினியில் ஓடவிட்டுக்கொண்டிருந்த ஜான்-பியர் பெரோஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர். எந்தக் கோணத்தில் வந்தாலும் அலையை எதிரொலியின்றி விழுங்கிவிடும் ஒரு விளிம்பை அவர் எழுதிக் காட்டினார். இயற்கையில் அப்படி ஒரு பொருள் கிடையாது.

மின்காந்தத்துக்காக எழுதிய அந்த விளிம்பு, நெட்டலை, குறுக்கலை, வளைவு அலை என்று ஒரே நேரத்தில் பல வேகங்களில் அலைகள் ஓடும் கிணற்றுக்குள் எப்படி இறங்கியது? இறங்கியபோது எதை விழுங்கியது, எதை விழுங்க மறுத்தது?

(தொடரும்)